இரண்டடியில் கரையும் ஷட்ஜம்

ஸ்பீக்கர் வாங்கியவருக்குக் கடையில் தவறாமல் சொல்லி அனுப்புவார்கள்: "பின்சுவர்லேர்ந்து ரெண்டடி தள்ளி வையுங்க சார்." கையேடுகளும் அதைத்தான் சொல்கின்றன, நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். நம் சங்கீதத்துக்கு இதைவிடக் கெடுதலான தூரம் கிடையாது. ஒன்றரைக் கட்டையில் பாடும் வித்வானின் ஆதார ஷட்ஜம் 138.6 ஹெர்ட்ஸ். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது என்று புத்தகங்கள் போடுவது 20 பாகை வெப்பத்துக்கு. நம் ஊரின் 30 பாகையில் அது 349. அந்தக் கணக்குக்கு ஷட்ஜத்தின் அலைநீளம் இரண்டரை மீட்டர் சொச்சம், அதில் கால் பங்கு 63 சென்டிமீட்டர். அடிக்கணக்கில் இரண்டடி முக்கால் அங்குலம். ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே அந்த இடைவெளி இருந்துவிட்டால், பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஷட்ஜம், நேரே வரும் ஷட்ஜத்துக்கு எதிர்முகமாக வந்து அதைத் தின்றுவிடும். பாடகர் கார்வை கொடுத்து நிற்கிறார். மேற்சுரங்கள் எல்லாம் கேட்கின்றன, உச்சரிப்பு துல்லியமாக இருக்கிறது. குரலுக்குள் இருக்கவேண்டிய நெஞ்சு மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஆம்பை மாற்றக் கிளம்புகிறார்கள். அடுத்து ஒயர், அதற்கடுத்து பவர் கேபிள். குரல் மெலிந்திருக்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மைதான், காது பொய் சொல்லவில்லை. காரணம் சுவரில் இருக்கிறது. ஒரே பெட்டியை அதே ஆம்பில் ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் பாருங்கள். மூன்றரை அடியில், சுரத்தைத் தின்னும் அந்தப் பள்ளம் 82 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஆண்குரலுக்கான தம்புராவில் பஞ்சமத் தந்தி 104, மந்தர ஷட்ஜம் 69. எண்பத்திரண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளில்லாத இடத்தில் விழுகிறது. சாரணிக்கும் சேதமில்லை, பாடகரின் ஸா திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்தரைக் கட்டைப் பெண்குரல்தான் அதிகம் கேட்பீர்கள் என்றால் ஆபத்தான தூரம் 42 சென்டிமீட்டர், அதாவது டிவி அலமாரியின் முன்விளிம்பில் வைத்தால் பெட்டி ஏறக்குறைய நிற்கிற இடம். ஒன்றரைக் கட்டையில் பாடுபவருக்கும் ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கும் ஒரே இடம் ஒத்துவராது என்பதை நம் ரசிகர்கள் பேசிக் கேட்டதில்லை. மேல்நாட்டு இசைக்கு இந்தத் தொல்லை இத்தனை கூர்மையாக இல்லை. அங்கே சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும், பள்ளம் எங்கோ ஒரு சுரத்தில் விழுந்து மறையும். நமக்கோ மூன்று மணி நேரம் ஒரே ஆதாரம். பள்ளம் அதன்மேல் விழுந்தால் கச்சேரி முழுக்க அங்கேயே கிடக்கும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்த பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எல்எஸ்3/5ஏ. முப்பது சென்டிமீட்டர் உயரம், பத்தொன்பது அகலம், உள்ளே ஐந்து லிட்டர் காற்று. பிபிசியின் ஆராய்ச்சித் துறை 1970களின் தொடக்கத்தில் இதை வீட்டுக்காகச் செய்யவில்லை. ஸ்டூடியோக்களின் ஒலியை ஆராய எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி அறைகளைக் கட்டிச் சோதித்தார்கள். அந்தச் சோதனைக்காகச் செய்த சின்ன ஸ்பீக்கர் எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருந்தது. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் பெரிய மானிட்டர்களை வைக்க இடமில்லை என்ற தேவையும் சேர்ந்துகொண்டது. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் எழுதிய ஆராய்ச்சி அறிக்கை 1976இல் வெளிவந்தது. இன்று படித்தாலும் அதில் விற்பனைக்காரச் சொல் ஒன்றுகூடத் தட்டுப்படாது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஹார்பெத் என்று யார் உரிமம் பெற்றுச் செய்தாலும் பெட்டி பிபிசியின் அளவுகோலுக்குள் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

என் பிரியம் அதன் ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் கம்பளிப் பட்டைகள்மேல். கெஃப் டி27 ட்வீட்டர், முக்கால் அங்குலக் குவிமாடம். அதன் நாலு பக்கமும் தடித்த ஃபெல்ட் துண்டுகள் ஒட்டியிருக்கும். முதல் பார்வைக்குத் தையல் கடையில் மிச்சம் விழுந்தவை என்று தோன்றும். பெட்டியின் முகப்பு சற்று உள்வாங்கியிருப்பதால் விளிம்புச் சட்டங்கள் முன்னே துருத்தி நிற்கின்றன. ட்வீட்டரிலிருந்து பக்கவாட்டில் ஓடும் ஒலி அந்த விளிம்பில் மோதிச் சிதறி, சில நூறு மைக்ரோவிநாடிகள் பிந்தி, தன் சொந்தக் குரலோடு காதுக்கு வரும். அந்தச் சிதறலை ஃபெல்ட் விழுங்கிவிடுகிறது. அறைச்சுவர் பெரிய அளவில் செய்யும் அதே குற்றத்தைப் பெட்டியின் விளிம்பு சிறிய அளவில் செய்கிறது என்று கண்டு, இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முன்துணியைக் கழற்றிவிட்டுக் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். அந்த டைகன் துணியும் சேர்ந்துதான் ஒலியின் சமன்பாடு செய்யப்பட்டது. துணியைக் கழற்றினால் மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கிக்கொள்ளும், 'இன்னும் தெளிவு' என்று நினைப்போம், வயலினின் வில் நுனி குத்தும்.

பெட்டிப்பலகையையும் சொல்ல வேண்டும். 12 மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகை, உள்ளே தார்ப்பூச்சு அட்டைகள். கனத்த பலகை போட்டு அதிர்வை அடக்குவதுதான் எல்லோரும் செய்கிற வழி. பிபிசிக்காரர்கள் மெல்லிய பலகையை எடுத்துக்கொண்டு, அதன் அதிர்வைத் தாரில் மூழ்கடித்தார்கள். குரல் பேசும் பகுதியில் பெட்டி தன் வாயைத் திறக்காது. மனிதக்குரலைத்தான் அவர்கள் உரைகல்லாக வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் தெரிந்த ஒருவர் பேச, இந்த அறையில் ஸ்பீக்கரில் அதைக் கேட்டு ஒப்பிடுவது. வாத்தியத்தின் நாதத்தில் ஏமாறலாம், அறிந்தவரின் குரலில் ஏமாற முடியாது. சாகித்யம் தெரிந்து கேட்கும் நமக்கு இதைவிட ஏற்ற பெட்டி வேறில்லை என்பது என் தீர்மானம். வாய்ப்பாட்டுக்கென்றே செய்தது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

பாஸ் போதாது என்பார்கள். எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே அது சரசரவென்று இறங்கிவிடும், உண்மை. மூடிய பெட்டி, பி110 என்ற ஐந்தங்குல வூஃபர், 83 டெசிபெல்லைத் தாண்டாத உணர்திறன். நெட்டையான டவர் ஸ்பீக்கர்காரர்கள் இதைப் பொம்மை என்பார்கள். அவர்கள் வீட்டு அறையை அளந்து பார்க்கச் சொல்கிறேன். பதினாறடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம் என்று நல்ல அறையையே வைத்துக்கொள்வோம். அறையின் சொந்த முழக்கங்கள் 36, 48, 57 ஹெர்ட்ஸில் எழும். அமெரிக்க வீட்டின் ஜிப்சம் சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், பாஸில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியே போய்விடும். ஒன்பதங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் துளியும் வெளியே விடாது. அங்கே சமனாக இருந்த முப்பது ஹெர்ட்ஸ் பெட்டி, இங்கே வந்ததும் மிருதங்கத்தின் தொப்பியை அண்டாவாக்கிவிடுகிறது. கும்கி இழையும்போது அந்த வளைவு ஒரே சீராக மேலேறவேண்டும். முழங்குகிற அறையில் அது ஒரு படியில் தடுக்கிக் கத்தி, அடுத்த படியில் காணாமல் போகும். சின்னப் பெட்டி அறையின் தூங்கும் முழக்கங்களை எழுப்பாமல் விடுகிறது. குறைவாகக் கொடுப்பதால் மிச்சமிருப்பது தெளிவாக நிற்கிறது. தொப்பியின் சுருதி என்ன என்று அதில் சொல்லிவிடலாம்.

சுவரோரமே வைக்கலாம் என்னும் கட்சியும் உண்டு. லின் நிறுவனத்தின் கான் ஸ்பீக்கரில் இதே பி110 வூஃபர், ஏறக்குறைய இதே அளவுப் பெட்டி. ஆனால் சுவரை ஒட்டி வைக்கவென்றே செய்தது. சுவரின் கைத்தாங்கலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தானே பாஸைக் குறைத்துக்கொள்கிறது. தாளம் துள்ளும், மறுக்கவில்லை. பாடகர் சுவரில் ஒட்டிய சித்திரமாகிவிடுகிறார், பின்னால் தம்புராவுக்கு இடமில்லை. எல்எஸ்3/5ஏயை அதே இடத்தில் வைத்தாலோ, அதன் பாஸில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய மேடும் சுவர் தரும் ஆறு டெசிபெல் வரையிலான ஏற்றமும் சேர்ந்து, பானைக்குள் தலைவிட்டுப் பாடும் குரலாகிவிடும். மூலையையே கொம்பின் வாயாக்கிக்கொண்ட பால் கிளிப்ஷின் 1946ஆம் வருடத்து வடிவத்தை நான் மதிக்கிறேன். அதற்கு இரண்டு வெறும் மூலைகள் வேண்டும். நம் வீட்டில் ஒரு மூலையில் பூஜை அலமாரி, மற்றதில் வாசல்.

1957இல் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக் பற்றி மட்டும் எனக்குச் சண்டையில்லை. அதன் முதுகிலிருந்து வரும் அலை முன்னலைக்கு எதிர்முகமானது. ஆகவே இரண்டடியில் வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும்போது ஒன்றரைக் கட்டை ஷட்ஜத்துக்குத் துணையாகவே வந்து சேரும். மற்ற எல்லாப் பெட்டிகளும் அதே தூரத்தில் தின்கிற சுரத்தை இது ஊட்டி வளர்க்கிறது. பள்ளம் தார ஷட்ஜத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். பக்கவாட்டில் அது ஏறக்குறைய பேசாது என்பதால் பக்கச்சுவரின் தொல்லையும் குறைவு. கடலோர ஊரில் அதன் மென்படலம் ஈரத்தையும் புழுதியையும் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலைதான். நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, உள்ளூரில் இருப்பவர் அதைப் பேணுகிறார் என்றால், டிசம்பரில் சபாவுக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போகலாம்.

பெட்டியை எங்கே நிறுத்துவது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். ஒலிப்பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாமா என்றுதான் தெருவே கூப்பிடும். சிவப்பு ஆக்சைடு தரை, கையில் சாக்பீஸ். நாடாவும் மீட்டரும் பிறகுதான். பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, "ஸா..." என்று தன் கட்டையில் பிடிப்பார். நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அப்படியே ஒவ்வோர் அடியாக முன்னே வருவார். சுவரை ஒட்டி இருக்கும்போது குரல் கனத்து இருக்கும். இரண்டடிக்கு வரும்போது திடீரென்று மெலியும். "இப்பப் போச்சு பார்" என்று பாட்டை நிறுத்தாமலே கையால் காட்டுவார். மூன்றடி தாண்டியதும் குரல் சுவரை மறந்துவிட்டுச் சொந்தக் காலில் நிற்கும். அங்கே சாக்பீஸ் கோடு. அமெரிக்காவில் வில்சன் ஆடியோவை நிறுவிய டேவிட் வில்சனும் பேசிக்கொண்டே நடந்துதான் தன் பெட்டிகளுக்கு இடம் தேடினார் என்று பிற்பாடு படித்தபோது மாமா நினைவுக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை.

மாமாவின் இரண்டாவது பாடம் மோனோ. பழைய வானொலிக் கச்சேரிகள் எல்லாம் ஒரே தடத்தில் இருப்பவை. ஸ்டீரியோ கேட்கிறவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளையும் சரியாக நிறுத்தியிருக்கிறோமா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை இல்லை. மோனோ பதிவில் பாடகர் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, ஓர் ஆள் அகலத்தில் உட்காரவேண்டும். பரவிக் கிடந்தால், பிருகா ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமும் அசைந்தால், ஒரு பெட்டிக்குச் சுவர் பக்கத்தில் இருக்கிறது, மற்றதற்குத் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்பி, அவரை ஒரே ஜமுக்காளத்தில் உட்காரவைக்க வேண்டும். அது அமைந்தபின் ஸ்டீரியோ தட்டைப் போட்டால் வயலின்காரர் தானாகவே தன் இடத்தைத் தேடிக்கொள்வார். பதினாறுக்குப் பன்னிரண்டு அறையில் நான் வைத்திருக்கும் கணக்கு: பின்சுவருக்கு மூன்றரை அடி, பக்கச்சுவர்களுக்கு மூன்றடி, பெட்டிகளுக்கு நடுவே ஆறடி, கேட்பவர் ஏழடியில். தலைக்குப் பின்னால் ஐந்தடிக்குக் குறையாமல் வெற்றிடம். பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் ஒன்றாக இருக்கவே கூடாது, இருந்தால் இரண்டு பள்ளங்கள் ஒரே குழியில் விழும். தரையில் சம்மணமிட்டுக் கேட்பவர்கள் ஸ்டாண்டின் உயரத்தையும் குறைக்கவேண்டும். நாற்காலிக்காக இங்கிலாந்தில் செய்த ஸ்டாண்டில் வைத்தால் ட்வீட்டர் உச்சந்தலைக்கு மேல் பாடிக்கொண்டு போகும்.

மாமா வீட்டுக் கூடம் நன்றாக ஒலித்ததற்கு அவருடைய சாக்பீஸ் மட்டும் காரணமில்லை. கூடத்தின் ஒரு பக்கம் முற்றம். மேலே மட்ராஸ் ஒட்டுக் கூரை, தேக்கு விட்டங்கள் வரிசையாக இறங்கி நின்று கூரையின் எதிரொலியை உடைத்துப் போட்டன. முற்றத்தின் மதிப்பை அளக்க ஒரு பழைய கணக்கு உண்டு. ஹார்வர்டில் 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியர் ஃபாக் அருங்காட்சியக உரைமண்டபத்தைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பப்பட்டார். பேசினால் ஐந்து விநாடிக்கு மேல் ஒலி அடங்காத மண்டபம். இரவுகளில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒலி எத்தனை விநாடியில் சாகிறது என்று அளந்தார். எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து அளந்துதான் இன்றும் எல்லோரும் போடும் கணக்கு பிறந்தது. ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அலகு திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பி வராத இடம். அந்தக் கணக்கில் ஒரு முற்றம் எத்தனை ஜன்னல்! நாம் அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டோம்.

சபைனின் கணக்கை நம் பதினாறுக்குப் பன்னிரண்டு அறைக்குப் போட்டால், சாமான் எதுவும் வைக்காமல் மூன்று விநாடிக்கு மேல் ஒலி நிற்கும். பாட்டுக் கேட்க அரை விநாடிக்குக் கீழே வரவேண்டும். இங்கே ஒரு பெரிய மூடநம்பிக்கை, முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டியவர்கள் இருக்கிறார்கள், தூசி சேர்ந்ததுதான் பலன். இரண்டங்குல ஸ்பாஞ்சை நாற்புறமும் ஒட்டுபவர்கள் இன்னும் மோசம் செய்கிறார்கள். மேல்ஸ்தாயி செத்துவிடும், கீழே முழக்கம் அப்படியே இருக்கும், தம்புரா ஜீவன் இழக்கும். நூறு ஹெர்ட்ஸின் கால் அலை 87 சென்டிமீட்டர். அதைத் தடுத்து நிறுத்தக் கனம் வேண்டும், ஆழம் வேண்டும். என் அனுபவத்தில் நம் வீடுகளில் இதற்கு ஆகச் சிறந்த பொருள் இலவம்பஞ்சு மெத்தை. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் தரையிலிருந்து நிமிர்த்தி, சுருட்டிக் கட்டி நிறுத்தினால் தொப்பி உடனே தன் அளவுக்குச் சுருங்கும். ரப்பர் மெத்தை வந்த நாளிலிருந்து பழைய மெத்தைகளைத் தெருவில் போடுகிறார்கள், பார்த்தால் எடுத்துவரத் தோன்றுகிறது. பவானி ஜமுக்காளம் மெல்லியது. தரையில் விரித்தால் உச்சியை மட்டும் தணிக்கும். இரண்டாக மடித்து, பக்கச்சுவரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் வேலை செய்யும். கேட்பவருக்குப் பின்னால் புத்தக அலமாரி, அதில் ஒரே உயரத்தில் வெட்டி அடுக்கிய புத்தகங்கள் வேண்டாம். வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணிய வால்யூம்கள், பஞ்சாங்கங்கள், குட்டையும் நெட்டையுமாக இருக்கட்டும். நவராத்திரிக்குப் பின்சுவரில் கொலுப்படி ஏறும்போது என் அறையின் ஒலி ஆழம் பெறுகிறது. துணி போர்த்திய படிகள், ஒவ்வொன்றிலும் வேறுவேறு உயரத்தில் பொம்மைகள். இப்படிப்பட்ட ஒலிச்சிதறியைத் தச்சரிடம் சொல்லிச் செய்யமுடியாது. விஜயதசமிக்கு மறுநாள் அதைக் கலைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

இரும்பு பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தவில் விழும்போதெல்லாம் கதவு கூடச் சேர்ந்து அதிரும், நாம் ட்வீட்டர் கிழிந்ததாக நினைப்போம். நாற்பது ஹெர்ட்ஸிலிருந்து இருநூறு வரை மெல்ல ஏறும் சோதனை ஒலி ஒன்றை விட்டுப்பார்த்தால் ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, சுவரில் மாட்டிய படம் என்று ஒவ்வொன்றும் தன் கட்டையைச் சொல்லிவிடும். மின்விசிறி அதைவிடப் பொல்லாதது. அதன் சத்தம் போகட்டும், சுழலும் இறக்கைகள் கூரையிலிருந்து வரும் ஒலியை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. நீண்ட கார்வையில் ஒரு நடுக்கம் கேட்கும், வித்வானுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவோம். மே மாதமானாலும் ஆலாபனை முடியும்வரை விசிறியை நிறுத்திவைப்பது வீட்டில் ஏற்கப்பட்ட வழக்கம்.

இதற்கெல்லாம் இப்போது அவசியமில்லை, மைக்கை வைத்து அளந்து மென்பொருளே அறையைச் சரிசெய்துவிடும் என்கிறார்கள். முழக்கத்தைக் குறைக்க அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். 138 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளத்தை அதனால் தூர்க்க முடியாது. நேரலையைக் கூட்டினால் சுவரலையும் அதே அளவு கூடும், இரண்டும் முன்புபோலவே ஒன்றையொன்று அழிக்கும். ஆம்பும் வூஃபரும் சூடாவதுதான் மிச்சம். பெட்டியை நகர்த்தாமல் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ஆனால் நகர்த்தத்தான் யாருக்கும் மனமில்லை. வீட்டு அலங்காரக்காரர் வரைந்த படத்தில் ஸ்பீக்கருக்கு ஓர் இடம் இருக்கும், டிவியின் இரண்டு பக்கமும் பலகைப் பொந்துக்குள். இல்லையென்றால் பால்ஸ் சீலிங்கில் வட்டம் வெட்டிப் பதித்துவிடுகிறார்கள், மகாவித்வான்கள் கூரையிலிருந்து பாடுகிறார்கள். டிவிக்கு அடியில் ஒரே பட்டையாய்க் கிடக்கும் பெட்டியில் தம்புரா எங்கே இருக்கிறது, பாடகர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் கேள்வியே புரிவதில்லை. சபாக்களிலும் மிருதங்கத்துக்கு மைக்கை இடித்து வைத்து, அரங்கின் முழக்கத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய காது, வீட்டிலும் அந்த முழக்கத்தையே 'நல்ல பாஸ்' என்று தேடுகிறது. இந்தப் பழக்கம்தான் என்னை அதிகமாக வருத்துகிறது. கேட்டுப் பழகியதே அளவுகோலாகிவிட்டால் சரியாக நிறுத்திய பெட்டி அவர்களுக்கு ஏழையாகத் தோன்றும்.

பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். பல அடுக்ககங்களின் படுக்கையறை அதுதான், உயரமும் ஏறக்குறைய பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் முழங்கும் கனசதுரம். கட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தை ஒன்றரை அடி நீட்டியிருந்தால் பாதித் தொல்லை போயிருக்கும். அந்த அறைக்கும் வழி உண்டு. எல்எஸ்3/5ஏ ஐந்து கிலோ சொச்சம்தான், ஒரு கையால் தூக்கலாம். சுவரோரத்தில் நிரந்தரமாக நிறுத்தாமல், கேட்கும் வேளையில் மட்டும் மூன்றரை அடி முன்னால் கொண்டுவந்து, நாலடி இடைவெளியில் வைத்து, நாலடித் தூரத்தில் உட்காருங்கள். அத்தனை கிட்டத்தில் சுவர் வாய்திறப்பதற்குள் பெட்டி பேசி முடித்துவிடும். ஒலிபரப்பு வேனில் பொறியாளர்கள் இதைவிட நெருங்கி உட்கார்ந்துதான் இதே பெட்டியில் நிகழ்ச்சிகளைக் கலவை செய்தார்கள். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய மெத்தை. ஸ்டாண்டின் கால்கள் நிற்கவேண்டிய இடத்தை டைல்ஸ் இணைப்பில் பென்சிலால் குறித்துக்கொண்டால் மறுநாள் தேடவேண்டாம். கேட்டு முடித்ததும் பெட்டிகள் சுவரோரம் போய்விடும், வீட்டில் மற்றவர்கள் நடக்க வழியும் கிடைக்கும்.